நெல்லையில் ஒரு பகல், சைக்கிளில்: தாமிரபரணிக் கரைச் சுற்றுக்கு வழி, நேரம், பஞ்சர்

#1 இரட்டைமிதி

சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் போய்க் காலையில் ஜங்ஷனில் இறங்கி, அன்று இரவே அதே வண்டியில் திரும்புவதாகத் திட்டம். நடுவில் கிடைக்கும் பகல் முழுக்கச் சைக்கிள்தான். கிலோமீட்டர் சேர்க்கும் எண்ணம் இல்லை, 25 போனாலே போதும். ஆற்றையும் ஊரையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். நாள்: ஜனவரி மாதத்து ஞாயிறு ஒன்று. வண்டி: 700×35 டயர் போட்ட ஹைப்ரிட், பிரெஸ்டா வால்வு (மெல்லிசாக இருக்கும் வகை).

இப்போதைக்குப் போட்ட வரிசை: காலையில் பாளையங்கோட்டை (அருங்காட்சியகம், ஊசிக்கோபுரம்), பகலில் சுலோசன முதலியார் பாலம், குறுக்குத்துறை, மத்தியானம் 2 மணிக்கு நெல்லையப்பர் கோயில், 5 மணிக்கு அல்வா, ராத்திரி ரயில். இதில் எங்கே இடிக்கும்?

#2 படித்துறை

எல்லா இடத்திலும் இடிக்கும், தம்பி. அப்படியே தலைகீழாக மாற்றுங்க.

நெல்லையப்பர் கோயில் நடை பகல் 12 மணி தாண்டிச் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பு. 2 மணிக்குப் போனால் வாசல் கதவைத்தான் பார்ப்பீங்க. அருங்காட்சியகம் அதற்கு நேர் எதிர், பகல் முழுக்கத் திறந்திருக்கும், கூரையும் நிழலும் உண்டு. வெயில் உச்சியில் இருக்கும்போது உள்ளே நிற்க வேண்டிய இடம் அது. அதைக் காலை 9 மணிக்குக் கொடுத்துவிட்டு உச்சி வெயிலில் ஆற்று மணலில் நிற்பது பாவம். ஜனவரியில்கூடப் பகல் 30 டிகிரியைத் தொட்டுவிடும்.

ஆறு ஊருக்குள் ஏறக்குறைய தெற்கிலிருந்து வடக்காகப் போகிறது. மேற்குக் கரையில் டவுனும் ஜங்ஷனும், கிழக்குக் கரையில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, பாளை. அதனால் காலையை மேற்குக் கரைக்கு எழுதுங்க, பகலை கிழக்குக் கரைக்கு. ஆற்றை ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் தாண்டி, சாயங்காலம் திரும்பினால் போதும்.

ஜங்ஷனிலிருந்து டவுன் சுமார் 3 கிலோமீட்டர். வழியில் ஈரடுக்கு மேம்பாலம். மேல் அடுக்கு பஸ்சுக்கும் காருக்கும், கீழ் அடுக்கு சைக்கிளுக்கும் இருசக்கர வண்டிக்கும். 1973 வாக்கில் கட்டிய ஆட்கள் சைக்கிள்காரனை நினைத்திருக்கிறார்கள், இப்போது கட்டுகிறவர்கள் நினைப்பதில்லை. புது ஆட்கள் பஸ் பின்னாலேயே மேல் அடுக்கில் ஏறிவிடுவார்கள். ஏறுமுகத்தில் பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும், ஒதுங்க இடம் இருக்காது. பாலம் பிரியும் இடத்தில் டூவீலர்கள் எந்தப் பக்கம் இறங்குதோ அந்தப் பக்கம் இறங்குங்க.

#3 பார்சல்_ஆபீஸ்

யாரும் கேட்காததைச் சொல்கிறேன்: சைக்கிள் எப்படி ரயிலில் வரும்?

இரண்டு வகைப் பதிவு உண்டு. ‘லக்கேஜ்’ என்றால் உங்கள் டிக்கெட்டைக் காட்டிப் பதிவது, வண்டி நீங்கள் போகும் ரயிலிலேயே ஏற வேண்டியது. ‘பார்சல்’ என்றால் டிக்கெட் தேவையில்லை, ஆனால் எந்த ரயிலில் இடம் இருக்கிறதோ அதில் வரும். கவுண்டரில் வாய்தவறி “பார்சல்” என்று சொன்னால் நீங்கள் ஞாயிறு இறங்க, சைக்கிள் செவ்வாய் இறங்கும். டிக்கெட்டை நீட்டி “லக்கேஜ்” என்றே சொல்லுங்கள். இலவச எடை அளவு சைக்கிளுக்குப் பொருந்தாது, தனிக் கட்டணம் உண்டு.

புறப்பாட்டுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும். அட்டையில் பெயர், வண்டி எண், ‘சென்னை எழும்பூர் – திருநெல்வேலி’ என்று தடித்த மையில் எழுதி ஹேண்டில்பாரில் ஒன்று, சீட்டுக்கு அடியில் ஒன்று கட்டுங்கள். ஒன்று கிழிந்தாலும் மற்றது நிற்கும். பாட்டில், லைட், மீட்டர், பம்பு எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின் டெரெய்லர் (கியர் மாற்றும் கருவி) மேல் பழைய டியூப்பைச் சுற்றிவிடுங்கள். லக்கேஜ் வேனில் வேறு மூட்டை மேலே சாய்ந்தால் முதலில் வளைவது அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர்தான்.

பெடலைக் கழற்றினால் அகலம் குறையும். 15 எம்.எம். ஸ்பேனர். இடது பெடல் மரை தலைகீழ். திரும்ப மாட்டும்போது இரண்டு பக்கமும் முன்சக்கரத்தை நோக்கிச் சுற்றினால் இறுகும் என்று ஞாபகம் வைத்தால் போதும். முதல் மூன்று சுற்று விரலால்தான் போக வேண்டும். நேராக ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கிராங்க் மரை போய்விடும்.

சக்கரம் கழற்றிப் பையில் போட்டுப் பெட்டிக்குள் எடுத்துப் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெட்டிக்குள் அனுமதித்த அளவு 100×60×25 செ.மீ. முழு அளவுச் சைக்கிள் அதற்குள் அடங்காது. அன்றைய டி.டி.இ. மனதைப் பொறுத்து ஒரு பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நெல்லை எக்ஸ்பிரஸ் திருநெல்வேலியோடு முடிவதால் இறக்குவதற்கு அவசரம் இல்லை. ஆனால் சீட்டைக் காட்டி வண்டியை வாங்கப் பிளாட்பாரத்தில் அரை மணி பிடிக்கும். அதையும் கணக்கில் வையுங்கள்.

#4 இரட்டைமிதி

நன்றி. அப்படியானால் திரும்பும்போதும் இரண்டு மணி நேரம் முன்னால் ஸ்டேஷனில் இருக்கணுமே. 5 மணிக்குத் திறக்கும் அல்வாக் கடை வரிசையில் நின்றால் சைக்கிள் பதிவு தவறிப் போகும் போலிருக்கு.

#5 படித்துறை

அதுக்கு வழி இருக்கு. கடைசியில் சொல்லுதேன். முதலில் காலையை முடிப்போம்.

#6 நாமக்கோழி

காலையில் கோயிலுக்கு முன் நயினார்குளம். டவுனுக்கு வடக்கே ஒட்டினாற்போல. ஜனவரியில் சூரியன் 6.40 வாக்கில்தான் வரும், அதனால் ரயில் இறங்கிப் போனாலும் தாமதமில்லை, எட்டு மணிவரை நல்ல வெளிச்சம்.

இந்தக் குளத்துக்குத் தண்ணீர் திருநெல்வேலிக் கால்வாயில் வருது. கால்வாய் சுத்தமல்லி அணைக்கட்டில் ஆற்றின் இடது கரையில் பிரிகிறது. தாமிரபரணியில் மொத்தம் எட்டு அணைக்கட்டு, கடைசி ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரன் காலத்து வேலை, மற்ற ஏழும் அதற்கு முந்தையவை. ஆக, நயினார்குளத்தில் நிற்பதும் ஆற்றில் நிற்பதும் ஒன்றுதான்.

கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், நாமக்கோழி. இவை சாதாரணமாகவே கண்ணில் படும். 8×42 பைனாகுலர் போதும். கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுப் பக்கம், நிறம் தெளிவாகத் தெரியும். கிழக்கே பார்த்தால் எல்லாம் கரும்பறவை. ஜனவரியில் மாவட்டம் முழுக்க நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அன்று போனால் பெயர் சொல்லித் தர ஆள் கிடைப்பார்கள்.

எச்சரிக்கை ஒன்று: அந்தச் சாலையில்தான் மொத்தக் காய்கறி மார்க்கெட். விடியற்காலை லாரி பின்னோக்கி வரும், தரையில் முட்டைக்கோஸ் இலையும் அழுகின தக்காளியும். ஈரமான கோஸ் இலைமேல் முன்பிரேக் பிடித்தால் வண்டி கீழே, நீங்கள் அதற்கும் கீழே. அந்த அரை கிலோமீட்டர் இறங்கித் தள்ளிப் போவது கௌரவக் குறைச்சல் இல்லை.

#7 கல்தூண்

நெல்லையப்பர் கோயிலுக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம். இரண்டு கோயில் சேர்ந்தது அது: நெல்லையப்பருக்கு ஒன்று, காந்திமதியம்மனுக்கு ஒன்று. இரண்டையும் இணைப்பது சங்கிலி மண்டபம், 1647இல் வடமலையப்ப பிள்ளை கட்டியது. ஆட்கள் அம்மன் சன்னதியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, தெருவைச் சுற்றிச் சுவாமி சன்னதிக்குப் போவதைப் பார்க்கலாம். உள்ளேயே வழி இருக்கிறது.

மணி மண்டபத் தூண்களை விடாதீர்கள். ஒரே கல்லில் நடுவே பெரிய தூண், சுற்றிலும் மெல்லிய தூண்கள். கனமும் நீளமும் வேறுபடுவதால் ஒவ்வொன்றும் வேறு சுரம். தட்டிப் பார்க்க வேண்டாம். நூற்றாண்டுகளாக ஆளாளுக்குத் தட்டி, தட்டிய இடம் வழவழத்துப் போயிருக்கிறது. கையடையாளம் எந்த உயரத்தில் பளபளக்கிறது என்று பார்த்தாலே எங்கே தட்டினால் சுரம் வரும் என்பது விளங்கிவிடும். அடுத்து தாமிர சபை. நடராசரின் ஐந்து சபைகளில் செம்புக்குரியது இது. கூரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், மரவேலைப்பாட்டை அண்ணாந்து பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

சைக்கிள்காரருக்கு மூன்று: அரைக்கால் டவுசரோடு உள்ளே போவது சரிவராது, மெல்லிய நாலு முழ வேட்டி ஒன்றை மடித்துப் பையில் வையுங்கள். 200 கிராம்கூட வராது, ஆற்றங்கரையில் துண்டாகவும் ஆகும். பூட்டைச் சட்டத்தோடும் பின்சக்கரத்தோடும் சேர்த்துப் போடுங்கள், முன்சக்கரம் மட்டும் பூட்டினால் குவிக்-ரிலீஸ் (சக்கரம் கையாலேயே கழலும்) வண்டியில் சக்கரம் மட்டும் உங்களுக்காகக் காத்திருக்கும். செருப்பை எந்த வாசல் காப்பகத்தில் விட்டீர்களோ அந்த வாசல் வழியே வெளியேறுங்கள். 10 மணிக்கு மேல் ரத வீதிக் கல்லில் வெறுங்காலோடு சுற்றி வருவது சுகமான காரியம் அல்ல.

ஆனித் தேரோட்டம் நடக்கும் நாட்களில் ரத வீதிகளில் சைக்கிளை மறந்துவிடுங்கள். ஜனவரிக்கு அந்தக் கவலை இல்லை.

#8 படித்துறை

ஜனவரிக்கு வேறொன்று இருக்கு: தைப்பூசம். காலண்டரைப் பாருங்க. நெல்லையப்பர் சிந்துபூந்துறைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார், ஜங்ஷன் பக்கம் நெரியும். அதற்கு முந்தின நாட்களில் திருச்செந்தூர் ரோட்டில் பாதயாத்திரைக் கூட்டம். ஓரமாக இருட்டிலும் நடப்பாங்க, சைக்கிளுக்கு என்று மிச்சம் இருக்கும் இடது ஓரம் அன்று அவங்களுக்குச் சொந்தம்.

சரி, குறுக்குத்துறை. டவுனிலிருந்து தெற்கே சுமார் 2 கிலோமீட்டர். நடுவில் தென்காசி லைன் ரயில்வே கேட். மூடியிருந்தால் குனிந்து நுழையாமல் நிழலில் நில்லுங்க.

முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கு. வெள்ளம் வரும் பக்கத்துச் சுவரைப் பாருங்க, படகின் முன்மூக்கு மாதிரி கூராக இருக்கும். தண்ணீரைத் தடுக்கக் கட்டினதில்லை, பிளந்து இரண்டு பக்கமும் அனுப்பக் கட்டினது. அதனால்தான் கோயில் மூழ்கினாலும் நகராது. பெருவெள்ளம் என்று தெரிந்தால் உற்சவரை மேட்டில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவாங்க, வடிந்தபின் கழுவி மறுபடி பூசை. 2023 டிசம்பர் வெள்ளத்திலும் அதேதான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வருகிறவங்க முதல் நாள் பாபநாசம் பக்கம் மழை எப்படி என்று கேட்டுவிட்டு வாங்க. நெல்லையில் வெயில் அடிக்கும்போதே மேலே திறந்துவிட்ட தண்ணீர் வந்து சேரும்.

குளிக்கிறதாக இருந்தால் ஊருக்கு மேலே, அதாவது குறுக்குத்துறைக்கும் மேற்கே. பாலத்தைத் தாண்டி வடக்கே போகப் போக ஊர்ச் சாக்கடை கலக்கிறது, அங்கே கால் நனைக்கிறதோடு நிறுத்துங்க. படித்துறையில் ஆட்கள் குளிக்கிற இடத்தில் மட்டும் இறங்குங்க. மணல் அள்ளின பள்ளம் மேலே பார்த்தால் தெரியாது, முழங்கால் அளவு தண்ணீரில் நடந்துகொண்டே இருக்கும்போது அடுத்த எட்டு தலைக்கு மேல் போகும். இந்த ஆற்றில் உயிர் போகிறது பெரும்பாலும் அப்படித்தான், சுழலால் இல்லை.

#9 உடங்காடு

பஞ்சரைப் பற்றி யாரும் பேசவில்லை. நெல்லைக்கு வந்து பஞ்சர் இல்லாமல் போனவர் கால்வாய்க் கரையில் இறங்காதவர்.

மூன்று முள். நெருஞ்சி: தரையோடு படரும், மஞ்சள் பூ. காய் எப்படி விழுந்தாலும் ஒரு கூர் மேலே நிற்கும். உடைமரம்: வெள்ளை முள், இரண்டு அங்குலம் வரை. சீமைக்கருவேல்: வேலி வெட்டிப் போட்ட இடத்தில் காய்ந்து கிடக்கும். தார் ரோட்டின் நடுவில் இவை இல்லை, வண்டிகள் ஒதுக்கித் தள்ளிய ஓரத்தில் குவிந்திருக்கும். மண் ஓரத்தில் இறங்கி போட்டோ எடுக்க வேண்டுமானால் வண்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள், உருட்டாதீர்கள்.

குத்திவிட்டால் எல்லோரும் செய்யும் தப்பு: டியூப்பை மாற்றி, காற்றடித்து, கிளம்பி, பத்து நிமிடத்தில் திரும்ப உட்காருவது. முள்ளின் முனை ஒடிந்து டயருக்குள் தங்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. டயரின் உள்பக்கம் முழுச் சுற்றும் மெல்ல விரல் ஓட்டுங்கள். விரல் வேண்டாம் என்றால் ஒரு துண்டுத் துணி, முள்ளில் துணி சிக்கும். சிக்கிய இடத்தில் உள்ளிருந்து வெளியே தள்ளி, குறட்டால் இழுங்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்த வேண்டாம், நெருஞ்சி என்றால் நாலைந்து இருக்கும்.

ஒட்டுப் போடுவது: ஓட்டையைச் சுற்றி ஒட்டைவிட அரை அங்குலம் அதிகமாக உப்புத்தாள் தேய்க்க வேண்டும், பளபளப்பு முழுக்கப் போகணும். டியூப்பில் அச்சுக் கோடு ஓடினால் அதையும் தேய்த்துச் சமமாக்குங்கள், அந்தக் கோட்டு வழியாகத்தான் மெதுவாகக் காற்று கசியும். சொல்யூஷன் மெல்லிசாக ஒரு பூச்சு. தொட்டால் விரலில் ஒட்டாமல் பிசுபிசுப்பு மட்டும் இருக்கும்வரை பொறுங்கள். நெல்லை வெயிலில் இரண்டு நிமிடம், நிழலில் நாலு, ஐந்து. ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் நிற்காது, பஞ்சர் கடையில் சண்டை வருவதே இதனால்தான். ஒட்டியபின் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள்.

கையில்: இரண்டு மாற்று டியூப், ஆறு ஒட்டு, டயர் லீவர் இரண்டு, கைப்பம்பு. சீலன்ட் (டியூப்புக்குள் ஊற்றும், ஓட்டை அடைக்கும் திரவம்) போட்டு வந்தால் நெருஞ்சியில் முக்கால்வாசி தானே அடைபடும், உடைமுள்ளுக்குச் சீலன்ட் போதாது.

#10 இரட்டைமிதி

காற்று எவ்வளவு வைக்கலாம்? 80 வைத்தால் முள் குத்தாது என்கிறார்கள்.

#11 உடங்காடு

முள்ளுக்கு 80உம் 50உம் ஒன்றுதான். 35 டயருக்கு, 70 கிலோ ஆளுக்குப் பின்னால் 55, முன்னால் 50 பி.எஸ்.ஐ. சரி. டவுன் பக்கம் தோண்டி மூடிய ரோடு நிறைய, 80 வைத்தால் மணிக்கட்டு வலிக்கும், வேகமும் கூடாது. ரொம்பக் குறைத்து 30க்கு இறக்கினால் பள்ளத்தின் விளிம்பில் டயர் ரிம்மோடு நசுங்கிப் பாம்புக் கடி மாதிரி பக்கத்துக்கு ஒன்றாக இரட்டை ஓட்டை விழும்.

பிரெஸ்டா என்கிறீர்களே, அடாப்டர் ஒன்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள், சின்னப் பித்தளை மூடி போல இருக்கும். தெருமுனைக் கடைப் பம்பு டன்லப் வால்வுக்கோ கார் வால்வுக்கோதான் பொருந்தும். பழைய 28×1½ ரோட்ஸ்டரில் வருகிறவர்கள் வால்வு டியூப் அரை அடி வெட்டி வாங்கி வையுங்கள். டியூப் நன்றாக இருக்கும், வால்வு ரப்பர் வெயிலில் வெடித்துக் காற்று இறங்கும், ஆட்கள் பஞ்சர் என்று நினைத்து டயரைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். எச்சில் வைத்துப் பாருங்கள், குமிழி வந்தால் வால்வுதான்.

#12 கல்தூண்

கிருஷ்ணாபுரம் சேர்க்காமல் நெல்லை பார்த்தேன் என்று சொல்லக் கூடாது. பாளையிலிருந்து சமாதானபுரம், வி.எம்.சத்திரம் வழி, திருச்செந்தூர் ரோட்டில் சுமார் 10, 12 கிலோமீட்டர். வெங்கடாசலபதி கோயில், நாயக்கர் காலத்துச் சிற்பம். கர்ணன், அர்ஜுனன், ரதி, ராஜகுமாரியைத் தூக்கிப் போகும் குறவன். குறவனின் விலா எலும்பையும் கையில் புடைத்த நரம்பையும் பாருங்கள். கல்தச்சன் உடற்கூறு படித்தவன் மாதிரி செதுக்கியிருக்கிறான். ஒரு மணி நேரம் போதாது.

#13 மேற்குக்காற்று

அண்ணாச்சி, சிற்பத்தில் மறுப்பு இல்லை. கணக்கில்தான் மறுப்பு. போக வர 24 கிலோமீட்டர் கூடுது, அந்தக் கோயிலும் பகலில் நடை சாத்தும். காலையில் அங்கே போனால் நெல்லையப்பர் போச்சு, நெல்லையப்பருக்குப் போனால் அங்கே பூட்டு. ஒரே நாளில் இரண்டு கோயிலும் என்றால் ஒன்றை ஓடிக்கொண்டே பார்க்கணும். நிதானமாக என்று கேட்டவரை ஓடவிட வேண்டாமே.

இன்னொன்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை வருகிறவர்களுக்கு: அந்த மாதங்களில் கணவாய் வழியே மேற்குக் காற்று பிய்த்து வாங்கும். கிருஷ்ணாபுரம் கிழக்கே இருக்கு. போகும்போது காற்று முதுகில், மணிக்கு 25 போகும்போது நாம் பெரிய ஆள் என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில், 12 தாண்டாது. விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும், பகல் ஏற ஏற வலுக்கும். அதனால் அந்தப் பருவத்தில் கிழக்கே போனால் 10 மணிக்குள் திரும்பிடணும். மேற்கே பத்தமடை பக்கம் என்றால் காலையில் எதிர்த்துப் போய், பகலில் தள்ளிவிடச் சொல்லித் திரும்பலாம். மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், கோபாலசமுத்திரம், மேலச்செவல் வழி. வயலும் கால்வாயும்தான், பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதைப் பார்க்கலாம். அது தனி நாள் வேலை.

#14 கல்தூண்

ஒத்துக்கொள்கிறேன், அரை மனதோடு. இரண்டு நாள் இருப்பவர்கள் இரண்டாம் நாள் காலையைக் கிருஷ்ணாபுரத்துக்குக் கொடுங்கள். நால்வழிச் சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் இறங்கித் தள்ளுங்கள்.

#15 ஹைகிரவுண்டு

பகல் பாதிக்கு நான் சொல்கிறேன்.

சுலோசன முதலியார் பாலம் 1843இல் திறந்தது. அதற்கு முன் இரண்டு ஊருக்கும் நடுவே படகுதான். 760 அடி நீளம், 11 வளைவு. ஐம்பதாயிரம் ரூபாய் செலவைத் தன் கையிலிருந்து கொடுத்தவர் கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்த சுலோசன முதலியார். ஆனால் பாலத்தின் மேல் ஓட்டிக்கொண்டு போனால் இதெல்லாம் எதுவும் தெரியாது, ஒரு நெரிசலான ரோடு, அவ்வளவுதான். பக்கத்தில் புதுப் பாலம் வேறு மறைக்கும். தாண்டியதும் கொக்கிரகுளம் பக்கம் ஆற்றில் இறங்கிக் கீழிருந்து பாருங்கள். வளைவும் நீரில் அதன் நிழலும் சேர்ந்து வட்டமாகத் தெரிவது தண்ணீர் அசையாமல் இருக்கும்போதுதான்.

கொக்கிரகுளத்திலேயே மாவட்ட அறிவியல் மையம். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இரண்டு மணி நேரம் அங்கேயே போய்விடும். தனியாள் என்றால் நேராகப் பாளைக்கு ஏறுங்கள். ஏற்றம் லேசானது, கியர் இல்லாத வண்டிக்கும் முன்னால் 44, பின்னால் 18 பல் போதும்.

அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமையும் இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை, உங்கள் ஞாயிறு சரி. ஊசிக்கோபுரம் என்று ஊர் சொல்வது 1826இல் பிரதிஷ்டை செய்த திரித்துவப் பேராலயம். ஞாயிறு காலை ஆராதனை இருக்கும், மத்தியானத்துக்கு மேல் போவதுதான் முறை. அதற்கும் முந்தையது 1785இல் எழுந்த குளோரிந்தா ஆலயம். பெரிய கோயிலைப் பார்த்தவர்கள் இந்தச் சின்னதைத் தேடுவதில்லை. பிறகு ‘மேடை’, பழைய பாளையங்கோட்டைக் கோட்டையின் மேற்கு வாசல். 1801இல் ஊமைத்துரை தப்பிப் போனது இந்தக் கோட்டைச் சிறையிலிருந்துதான். மதில் போய்விட்டது, இரண்டு வாசல் மட்டும் ஊருக்கு நடுவே நிற்கிறது. பஸ்காரர்களுக்கு அது வெறும் வளைவு.

#16 படித்துறை

சாப்பாடு. மத்தியானம் சொதி கிடைக்குமா என்று கேளுங்க, எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடையாது. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கூட இஞ்சிப் பச்சடி. கல்யாணம் முடிந்த மறுநாள் விருந்துக்கு வைக்கிறது. இஞ்சிப் பச்சடியைத் தள்ளிவைக்காதீங்க, தேங்காய்ப்பால் செரிக்க அதுதான் துணை. ஆனால் வயிறு முட்டச் சொதி சாப்பிட்டுவிட்டு உடனே சைக்கிள் மிதிக்க முடியாது, அருங்காட்சியகத்தை அதற்குப் பின்னால் வைத்தது அதுக்காகவும்தான்.

தண்ணீர் 3 லிட்டர், ஒரே தடவையில் சுமக்க வேண்டாம், ஒன்றரை ஒன்றரையாக நிரப்புங்க. வியர்த்துக் கொட்டினால் வெறும் தண்ணீர் போதாது: ஒரு லிட்டருக்கு 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பதநீரும் நுங்கும் ஜனவரியில் தேடாதீங்க, பங்குனிக்கு மேல்தான்.

#17 இரட்டைமிதி

திருத்திய வரிசை:

7.00 ஜங்ஷன், சைக்கிள் இறக்கிப் பெடல் மாட்டுதல். 7.45 நயினார்குளம். 8.45 – 10.30 நெல்லையப்பர். 10.45 – 11.45 குறுக்குத்துறை. 12.30 பாலம், கீழிருந்து. 1.00 சாப்பாடு. 2.00 அருங்காட்சியகம். 3.15 ஊசிக்கோபுரம், குளோரிந்தா ஆலயம், மேடை. 4.30 பாளையிலிருந்து கிளம்பல். அதற்கப்புறம் அல்வாவா, பார்சல் ஆபீஸா?

#18 பார்சல்_ஆபீஸ்

கிளம்பலை 4 மணியாக்குங்கள். நேரே ஜங்ஷன். முதலில் சைக்கிளை லக்கேஜில் பதிந்து, சீட்டை வாங்கிப் பர்சில் வையுங்கள். அதன்பின் நீங்கள் கைவீசி நடக்கிற மனிதர். வரும்போது கட்டிய அட்டையைக் கழற்றிப் புது அட்டை கட்ட மறக்காதீர்கள். ‘திருநெல்வேலி’ என்று பழைய அட்டை தொங்கினால் வண்டி இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள், அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது.

#19 படித்துறை

நான் சொல்ல வந்ததும் அதுதான். ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் பஸ் வந்துகொண்டே இருக்கும். கீழ ரத வீதியில் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை, 5 மணி வாக்கில் திறப்பு. ஞாயிறு என்றால் அதற்கு முன்னாலேயே வரிசை நிற்கும். அங்கேயே தின்ன 100 கிராம் சூடாக இலையில், ஊருக்கு எடுத்துப்போகத் தனியாக. பெயர்ப்பலகையில் ஏறக்குறைய அதே பெயர் போட்ட கடைகள் ஜங்ஷன் பக்கம் நிறைய, எந்தக் கடை வேண்டும் என்று தெரிந்துகொண்டு வரிசையில் நில்லுங்க.

ஊறவைத்த சம்பா கோதுமையை ஆட்டிப் பிழிந்த பால், சர்க்கரை, நெய். நிறம் சர்க்கரை கருகலில் வருது. நெய் மேலே மிதக்கிறதுதான் லட்சணம்.

#20 உடங்காடு

அந்த நெய்தான் சிக்கல். பொட்டலம் ரயிலில் சூடாகிக் கசியும், பையில் மாற்று டியூப் இருந்தால் அதன்மேல் இறங்கும். நெய் பட்ட டியூப்பில் ஒட்டுப் பிடிக்காது, நாளாக ஆக ரப்பரும் ஊதும். அல்வாவை எவர்சில்வர் டப்பாவில் வைத்து வேட்டியில் சுற்றுங்கள்.

#21 இரட்டைமிதி

டப்பா என்ன அளவு?

#22 படித்துறை

ஒரு கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் தூக்கு தாராளம். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், நெய் உறைந்து கட்டியாகும். வெளியே ஒரு வாரம் தாங்கும், மிஞ்சினால்.